பில், நம்பர், பர்மிஷன்

என் தம்பியின் டிரோன் பதினொரு நாட்கள் ஒரு காவல் நிலையத்தின் இரும்பு அலமாரியில், பழைய ஒயர்லெஸ் பெட்டிக்கும் ஒரு கட்டு வாகனச் சாவிகளுக்கும் நடுவில் இருந்தது. 2022 டிசம்பரில், திருவொற்றியூரை ஒட்டிய கடற்கரையில் ஒரு திருமண வரவேற்பு. மாப்பிள்ளை ஃபைபர் படகில் வந்து இறங்குவதை மேலிருந்து எடுக்க வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டிருந்தார்கள். தம்பி நான்கு நிமிடங்கள்தான் பறக்கவிட்டான். ஐந்தாவது நிமிடத்தில் ரோந்து வண்டி வந்துவிட்டது. மறுநாள் காலை அவனோடு நான் நிலையத்துக்குப் போனபோது உதவி ஆய்வாளர் குரலை உயர்த்தவில்லை, மிரட்டவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார்: “பில் இருக்கா? நம்பர் இருக்கா? யார்கிட்ட பர்மிஷன் வாங்குன?”

மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு, பதினொரு நாள் அலைந்து, பொருளை மீட்டு வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்த மூன்று கேள்விகளுக்குள் இந்தியாவின் டிரோன் சட்டத்தில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. நான் அதுவரை பதினான்கு ஆண்டுகளாகத் தனியார் நில அளவைக் குழு ஒன்றில் தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு வேலை பார்த்துவந்தவள். மணலியிலும் எண்ணூரிலும் நிலக்கரி, ஜல்லி, சாம்பல் குவியல்களின் மேல் ஆட்களை ப்ரிஸம் கம்போடு ஏற்றி, வெயிலில் நின்று புள்ளி புள்ளியாக அளந்தவள். அதே வேலையைத் தம்பியின் கையில் இருந்த பொருளால் அரை மணி நேரத்தில் முடிக்க முடியும் என்று தெரிந்தும், அதை எந்த நிறுவனத்தின் வாசலுக்கும் எடுத்துப் போக முடியாது என்பதும் அன்றுதான் உறைத்தது. அந்த மூன்று கேள்விகளுக்கும் தாளில் பதில் வைத்திருக்கும் ஒரு தொழிலைத் தொடங்க எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் கேள்வியிலேயே நாங்கள் தோற்றிருந்தோம். தம்பி வாங்கியது வெளிநாட்டுத் தயாரிப்பு; நகரின் ஒரு கடையில், ரசீது இல்லாமல், “எல்லாரும் இப்படித்தான் சார் வாங்குறாங்க” என்ற உறுதிமொழியோடு வாங்கியது. 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட அறிவிப்பின்படி, முழுமையாகவோ பாகங்களாகப் பிரித்தோ வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்வதற்குத் தடை வந்துவிட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் விதிவிலக்கு. டிரோனுக்கான உதிரிப் பொருட்களை இறக்குமதி செய்யத் தடையில்லை. ஆனால் ரசீதில்லாமல் கைமாறிவரும் முழு இயந்திரத்தை எந்தக் கட்டணத்தைச் செலுத்தினாலும் சட்டத்துக்குள் கொண்டுவர வழியில்லை. இதைத் தம்பிக்குப் புரியவைப்பதற்கே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அபராதம் கட்டினால் தீர்ந்துவிடும் என்று அவன் நம்பினான். இருசக்கர வாகனத்துக்கு ஆர்.சி. இல்லாதது போன்ற குறை இது என்று நினைத்தான். இது ஆர்.சி.யே தரப்பட முடியாத வண்டி.

சட்டம் எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ, பொதுமக்கள் டிரோன் பறக்கவிடக் கூடாது என்றே அறிவித்திருந்தது. 2018 டிசம்பரிலிருந்து கடுமையான நிபந்தனைகளோடு ஒரு வாசல் திறந்தது. 2021 மார்ச்சில் வந்த விதிகள் அந்த வாசலில் படிவங்களை அடுக்கிவைத்தன. எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று டிரோன் விதிகள் 2021 என்ற புதிய விதித்தொகுப்பு வந்து, 25 படிவங்களை 5 ஆகவும் 72 வகைக் கட்டணங்களை 4 ஆகவும் குறைத்தது. இன்று தொழில் தொடங்குகிறவர் படிக்க வேண்டியது இந்தத் தொகுப்பையும் அதன் திருத்தங்களையும்தான். அதிகப் பக்கங்கள் இல்லை. இரண்டு மாலைகளில் படித்துவிடலாம். கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் இதைப் படித்திருந்தால் எங்கள் வீட்டில் ஒரு தொகை மிச்சமாகியிருக்கும்.

அந்த விதிகள் டிரோனை எடையால் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. 249 கிராம் என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் இயந்திரங்களுக்கு நம் ஊரில் இருக்கும் மவுசுக்கு இந்த முதல் கோடுதான் காரணம். நானோ வகைக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் தரப்புக் காப்பீடும் கட்டாயமில்லை என்பது உண்மை. ஆனால் மத்திய அரசின் அனுமதியில்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலம் நானோவுக்கும் சிவப்புதான். இறக்குமதித் தடையும் எடை பார்த்து விலகுவதில்லை. “சின்னதுதானே” என்ற சொல் இந்தத் தொழிலில் எத்தனை பேரைச் சிக்கவைத்திருக்கிறது என்பதைப் பின்னால் பயிற்சி வகுப்பில் உடன் படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மைக்ரோ வகையை வணிகத்துக்காக இல்லாமல் பறக்கவிட்டால் சான்றிதழ் தேவையில்லை. கூலிக்குப் பறக்கவிட்ட கணத்திலிருந்து தேவை. கூலி வாங்கும் எனக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

இரண்டாவது கேள்வியான நம்பர், இயந்திரத்துக்கு ஒன்றும் ஆளுக்கு ஒன்றுமாக இரண்டு வகைப்படும். இயந்திரத்துக்கு யுஐஎன் எனப்படும் தனித்த அடையாள எண் வேண்டும். அதைப் பெற, அந்த மாடல் அரசின் தரத்துக்கு ஏற்றது என்று சொல்லும் வகைச் சான்றிதழைத் தயாரிப்பாளர் வாங்கியிருக்க வேண்டும். சான்றிதழ் உள்ள இயந்திரமென்றால் விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய்தான். இந்த நூறு ரூபாயைக் கேட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். கட்டணம் நூறு ரூபாய் என்பதற்காக சட்டப்படி நடப்பது மலிவு என்று ஆகிவிடாது. வகைச் சான்றிதழ் பெற்ற உள்நாட்டு அளவை டிரோன், தம்பி வாங்கியதைப்போலப் பல மடங்கு விலை. முத்ரா திட்டத்தின் தருண் பிரிவில், அதாவது 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கடனில் நான் விண்ணப்பித்தபோது, வங்கி மேலாளர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “மேடம், லேத் மெஷின்னா கடைக்கு வந்து பார்த்துட்டுப் போவேன். இது பறந்து போயிடுச்சுன்னா?” என்றார். நியாயமான கவலை. விற்பனையாளரின் விலைப்புள்ளி, வகைச் சான்றிதழின் நகல், இரண்டு நிறுவனங்கள் தந்த வேலை விருப்பக் கடிதங்கள் ஆகியவற்றை வைத்த பிறகே அவர் பேனாவை எடுத்தார். இயந்திரத்தை 2024-இல் வாங்கினேன். ஒருங்கிணைந்த கேமரா உள்ள டிரோனுக்கு அப்போது 18 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா டிரோன்களுக்கும் அது 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தச் செய்தி வந்த அன்று பழைய ரசீதை எடுத்து இரண்டு முறை பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன்.

ஆளுக்கான நம்பர்தான் பைலட் சான்றிதழ். பதினெட்டு வயது நிரம்பி அறுபத்தைந்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் அந்தந்த எடைப்பிரிவுக்கு உரிய பயிற்சியை முடித்துத் தேர்ச்சி பெற வேண்டும். சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். 2023-இன் தொடக்கத்தில் நான் விசாரித்தபோது பாஸ்போர்ட் இருந்தால்தான் சேர முடியும் என்றார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் பாஸ்போர்ட் இருந்ததில்லை. “திருவொற்றியூர்ல பறக்க விட பாஸ்போர்ட் எதுக்குடி?” என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பித்தேன். பழைய வாடகை வீட்டு முகவரிக்கும் ஆதார் முகவரிக்கும் பொருந்தாமல் போனதால் மாதங்கள் ஓடின. செப்டம்பர் கடைசியில் விதிகள் திருத்தப்பட்டு, பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வாக்காளர் அட்டையோ குடும்ப அட்டையோ ஓட்டுநர் உரிமமோ காட்டினால் போதும் என்று ஆனது. அதற்கு அடுத்த வாரம் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. இன்றுவரை அதில் ஒரு முத்திரையும் விழவில்லை.

பயிற்சியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். முதலில் விதிகளும் வானிலையும் வகுப்பறையில், பிறகு கணினியில் சிமுலேட்டர், அதற்குப் பிறகே மைதானம். எங்கள் குழுவில் திருமண வீடியோ எடுத்துப் பல ஆண்டுகள் பழகியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஜிபிஎஸ் உதவியை அணைத்துவிட்டுக் காற்றில் நிலைநிறுத்தச் சொன்னபோது மூவரின் கையும் நடுங்கியது. இயந்திரம் தானாக நிற்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அதை நிற்கவைப்பது ஒரு வேலை என்பது அதுவரை தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் வடசென்னை நுழைகிறது. மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் நாட்டின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கிறது. பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி தேவையில்லை. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் அந்தச் சலுகை 200 அடியோடு நின்றுவிடும். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையம் ராயபுரத்திலிருந்து 12 கிலோமீட்டருக்கு வெகு அப்பால் இருப்பதால், தென்சென்னைக்காரர்களுக்கு இருக்கும் விமான நிலையத் தொல்லை நமக்கில்லை என்று முதலில் மகிழ்ந்தேன். ஆனால் நம் பக்கத்தில் துறைமுகம் இருக்கிறது. கோட்டையும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அனல்மின் நிலையங்கள், அவற்றைக் காக்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. அளவை டிரோனுக்கு வேலை தரக்கூடிய பெரிய குவியல்களும் பெரிய கிடங்குகளும் பெரும்பாலும் இவற்றின் மதில்களுக்குள்ளோ மதில்களை ஒட்டியோதான் இருக்கின்றன. வேலை எங்கே கொட்டிக்கிடக்கிறதோ அங்கே வானம் பூட்டிக்கிடக்கிறது.

வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடமும் நிரந்தரப் பச்சை இல்லை. மாநில அரசோ காவல்துறையோ, கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரியின் மூலம், ஒரு பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். தலைவர்கள் வருகை, குடியரசு நாள், சுதந்திர நாள் என்று சென்னையில் இந்த அறிவிப்புக்குக் குறைவில்லை. நேற்று இரவு பார்த்த வரைபடத்தை நம்பி இன்று காலை கிளம்பக் கூடாது. பறப்பதற்குச் சற்று முன்னால் மறுபடி பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நேரத்தோடு கோப்பில் சேர்க்க வேண்டும். இந்தப் பழக்கத்தை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அந்த உதவி ஆய்வாளரின் மேசைதான் கற்றுத்தந்தது. இன்று எந்த வேலைக்குப் போனாலும், ரசீது, யுஐஎன், சான்றிதழ், காப்பீடு, இட உரிமையாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல், அன்றைய வரைபடம் ஆகியவை ஒரு நீல நிறக் கோப்பில் என்னோடு வரும். வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள் உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு தகவல் கடிதமும் கொடுத்துவிடுவேன். பச்சை மண்டலத்தில் சட்டம் இதைக் கேட்கவில்லை. யாராவது நூறுக்கு அழைத்துப் புகார் சொன்னால் வந்து நிற்கப் போகும் காவலருக்கு, விதிகளை நடுரோட்டில் விளக்குவதைவிட இது எளிது.

வானத்தின் சொந்தக்காரர்களில் சிலர் எந்த வரைபடத்திலும் இல்லை. வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் மாலை நான்கு மணிக்கு மேல் மொட்டை மாடிகளில் காத்தாடி ஏறும். மாஞ்சா நூலுக்குத் தடை இருந்தும் அது ஒழிந்தபாடில்லை. மனிதக் கழுத்தையே அறுக்கும் அந்த நூல் இறக்கையில் சுற்றினால் மோட்டார் திணறி நின்றுவிடும். நான்கு மோட்டார்களில் ஒன்று நின்ற டிரோன் பறவை இல்லை, கல். பந்தயப் புறா வளர்ப்பவர்கள் இன்னொரு தரப்பு. பயிற்சிக்கு விட்ட புறாக்கள் டிரோனைக் கண்டு சிதறினால், பல மாத உழைப்பு போய்விடும் என்று ஒரு பெரியவர் என்னிடம் கையைப் பிடித்துச் சொன்னார். “பாப்பா, உன் மெசின் காலையில எட்டு மணிக்கு மேல ஏறட்டும், என் புறா அதுக்குள்ள வீட்டுக்கு வந்துடும்.” அவருடைய கால அட்டவணையையும் கோப்பில் எழுதிவைத்திருக்கிறேன். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் பக்கம் போனால் கரும்பருந்துகள். கூட்டமாக வட்டமிடும் அவை, தங்கள் நடுவில் ஏறும் எதையும் விட்டுவைப்பதில்லை. பருந்து பாய்ந்தால் பக்கவாட்டில் ஓடாமல் நேர் மேலே ஏற வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். பகல் பதினொன்று தாண்டிக் கடல்காற்று திரும்பினால் கரையோர வேலையை அன்றோடு நிறுத்திவிடுவேன். ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் மோட்டார்களில் படிந்த உப்பை மென்துணியால் துடைத்து, பேட்டரிகளை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் இறக்கிவைப்பது தம்பியின் பொறுப்பு.

மாடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியிருப்புக்கு நடுவே இருக்கும் நிலத்தை அளக்கும்போது, பக்கத்து மாடியில் தலை உலர்த்தும் பெண்ணுக்கு மேலே நிற்பது அளவைக் கருவி என்று தெரியாது. கேமரா என்றுதான் தெரியும். நான் பெண் என்பதால் இதை விளக்குவது எளிதாக இருக்கிறது. முந்தின நாளே அந்தத் தெருவில் நான்கைந்து கதவுகளைத் தட்டி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எதற்காக என்று சொல்லிவிட்டு வருவேன். ஒரு குப்பத்தில் பெண்கள் ஒன்றுகூடி, வீடுகளை இடிக்கத்தான் அளக்கிறார்களா என்று கேட்டார்கள். அவர்களுடைய அச்சத்துக்கு முன்கதை இருக்கிறது. வேலை தந்தவரின் கடிதத்தைப் படித்துக் காட்டி, அவர்கள் வீடுகள் சட்டகத்தில் வராதபடி பறப்புப் பாதையை மாற்றிய பிறகே இயந்திரத்தைப் பறக்கவிட்டேன். இதற்கு விதி எண் கிடையாது.

காப்பீடு ஒரு வேடிக்கையான இடம். டிரோனின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதிமுறைகளையே தேவையான மாற்றங்களோடு பொருத்திக்கொள்ளச் சொல்கிறது சட்டம். ஆட்டோவும் டிரோனும் அந்த ஒரு விஷயத்தில் பங்காளிகள். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாக டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். விதிமீறலுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தொழில் பதிவில் எழுத அதிகம் இல்லை: தனி உரிமையாளர் நிறுவனம், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான கட்டணமில்லாத உத்யம் பதிவு, நடப்புக் கணக்கு. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்றாலும், நிறுவன வாடிக்கையாளர்கள் ஜிஎஸ்டி ரசீது இல்லாமல் பேச்சையே தொடங்குவதில்லை என்பதால் முதல் ஆண்டிலேயே பதிந்துகொண்டேன். உத்யம் எண்ணை ஒவ்வொரு ரசீதிலும் அச்சிடுங்கள் என்பது மட்டும் என் வற்புறுத்தல். குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையைச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், தராத வாடிக்கையாளர், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை அந்த ஆண்டே கழித்துக்கொள்ள முடியாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ரசீதில் இருக்கும் அந்த உத்யம் எண், கணக்குப் பிரிவில் என் ரசீதை அடியிலிருந்து மேலே கொண்டுவருவதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை மீஞ்சூர்ப் பக்கம் பச்சை மண்டலத்தில் இருந்த ஒரு ஜல்லிக் கிடங்கு. சுற்றிலும் ஐந்து கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் தரையில் குறித்து அவற்றின் இருப்பிடத்தை டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ் கருவியால் அளந்துவிட்டு, 80 மீட்டர் உயரத்தில், அடுத்தடுத்த படங்கள் நூற்றுக்கு எண்பது பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பறக்கவிட்டோம். வானில் இருந்தது பதினெட்டு நிமிடங்கள். பிறகு கணினியில் ஒரு முழு இரவு. நான் பழைய முறையில் இரண்டு நாட்கள் ஆளை ஏற்றி அளந்த குவியல்கள்தான் அவை. இந்த முறை யாரும் சரிவில் சறுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொள்ளவில்லை. கிடங்கின் மேலாளர் அறிக்கையில் கன அளவைப் பார்ப்பதற்கு முன்னால் பின்னிணைப்பைத் திருப்பினார். சான்றிதழ்களின் நகல்களை எண்ணிப் பார்த்தார். அதற்கு முன் வந்த இருவர் குறைந்த விலைக்குச் செய்வதாகச் சொன்னார்களாம், ஆனால் தாள் கேட்டதும் திரும்பி வரவில்லையாம். வடசென்னையில் நான் விற்பது படத்தையோ கன அளவையோ அல்ல, அந்தப் பின்னிணைப்பைத்தான் என்பது அன்று தெரிந்தது. துறைமுகத்தையும் ஆலையையும் ஒட்டி வாழும் நிறுவனங்கள் காவலர்களுக்குப் பதில் சொல்லியே பழகியவை. பதில் தயாராக இருப்பவரிடம் அவை பேரம் அதிகம் பேசுவதில்லை.

மறுக்கும் வேலைகளும் உண்டு, வாரத்துக்கு ஒன்றாவது. போன வாரம் ஒரு திருமண ஏற்பாட்டாளர் அழைத்தார். துறைமுகம் பின்னணியில் தெரிய வேண்டும், சூரிய உதயம், இரண்டு நிமிடம் போதும் என்றார். தொகையும் நல்ல தொகை. பேசிக்கொண்டே வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு முடியாது என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து பேட்டரிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து, “அக்கா, அவர்கிட்ட பழவேற்காடு பக்கம் பார்க்கலாமான்னு கேளு, அங்க ஏரி இருக்கு” என்றான். அங்கே பறவைகள் சரணாலயம் இருக்கிறது, வனத்துறையைக் கேட்க வேண்டும் என்றேன். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பேட்டரியை எடுத்தான்.

அவனுடைய பழைய டிரோன் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அடுத்த மாதம் அவன் பயிற்சிக்குச் சேர்கிறான். வாக்காளர் அட்டையின் நகலை நேற்றே எடுத்துவைத்துவிட்டான்.